எங்கள் குதிரைகள் தொழிலா, இல்லையா

1

நாங்கள் பழவேற்காட்டுக் கரையில் வந்து இறங்கிய நாள் ஆடி மாதத்தில் வரும். நெடுந்தீவை விட்டு வந்த பிறகு ஒவ்வோர் ஆடியிலும் அந்த நாளில் என் மனைவி செல்லாச்சி ஒரு பானை கூழ் காய்ச்சுவாள். இங்கேயும் பனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவர்கள் கிழங்கை அவித்துத் தின்பதோடு சரி, காயவைத்து இடிக்கும் வழக்கம் இல்லை. அதனால் ஒடியல் மாவை அவளேதான் இடித்து எடுக்க வேண்டும். இறாலுக்குக் கவலை இல்லை. இந்த ஏரியில் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவியே இறால் பிடித்துவிடுவார்கள். வாயில் கவ்விய ஓலைப்பறி நிறைந்த பிறகுதான் பேசவே வாயைத் திறப்பார்கள்.

கூழ் என்னவோ நம் ஊர்க் கூழ்தான். குடிக்கிற பிள்ளைகள்தான் மாறிவிட்டார்கள். போன வருஷம் எங்கள் சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா இது, இப்டி நாறுது?" என்றாள். நம் ஊரைப்போலப் பெற்றவளை ஆச்சி என்று கூப்பிட வேண்டியவள் அம்மா என்கிறாள். செல்லாச்சி அவளை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். கப்பலில் ஏறலாம் என்று ஆசை காட்டியவன் நான்தானே.

இந்த வருஷம் கூழ் காய்ச்சவில்லை. எந்தக் கப்பல்காரனாவது அரைகுறையாகச் சொல்லி நெடுந்தீவில் நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நிற்கும் மூன்று பெட்டைக் குதிரைகள் தொழிலா, இல்லையா என்று ஒல்லாந்தர் துரை உட்கார்ந்து விசாரிக்கும் கச்சேரியில் ஒரு கேள்வி வந்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

2

குதிரை எப்படி என்னுடையதாயிற்று என்பதை உங்களில் பலர் நம்ப மாட்டீர்கள். நம் தீவில் குதிரையெல்லாம் ஒல்லாந்தருடையது. பிடிப்பது, பழக்குவது, கப்பலில் ஏற்றுவது, உதை வாங்குவது மட்டும்தான் நம்முடையது. பழைய துரை தன் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள என்னை இங்கே அழைத்து வந்தார். அவர் ஊர் திரும்பும்போது நல்ல குதிரைகளை விற்றுவிட்டு, யாரும் வாங்காத மூன்று மட்டக் குதிரைகளைச் சம்பளத்துக்குப் பதிலாக என் தலையில் கட்டினார். அன்று நான் பட்ட சந்தோஷத்தைச் செல்லாச்சி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். நம் வம்சத்தில் சொந்தமாகக் குதிரை வைத்திருந்த முதல் ஆள் நான் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனாம்.

சொந்தக் குதிரைக்குச் சொந்தத் தீனி போட வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் தண்ணீரும் உப்பு, புல்லும் உப்பு. காட்டுப்பள்ளிப் பக்கத்து மணல்மேட்டில் கொஞ்சம் நல்ல புல் உண்டு. வைக்கோலுக்குத் திருப்பாலைவனம் போக வேண்டும். நம் தீவில் கல்லில் நடந்து இறுகிய குளம்பு இந்தச் சேற்றில் ஊறிப்போய், மாதம் ஒரு குதிரையாவது நொண்டும். பிறந்த குட்டிகள் பெரும்பாலும் உயிரோடு நிற்கவில்லை.

ஆனாலும் பிழைத்தோம். நெசவாளர் ஊர்களிலிருந்து துணிப் பொதி ஏற்றி வருவேன். கல்யாண மாப்பிள்ளையை ஊர்வலத்தில் சுமந்து காட்டுவோம். மழைக்காலத்தில் வைத்தியரைக் கூட்டிப் போவோம். கிடைத்தது நெல், மீன், சில சமயம் ஒரு முழம் துணி. அதைத் தொழில் என்று சொல்ல எனக்கே வாய் வராது. தொழில் இல்லை என்றும் சொல்ல முடியாது, அதைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லையே.

3

கன்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் கோட்டைக்குப்பத்தில் படகும் வலையும் உள்ளவன். என்னைவிட இளையவன், ஆள் கட்டை, குரல் மட்டும் கடலுக்கு அப்பால் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் நிறைசூலாக இருந்த எங்கள் குதிரை ஒன்று ஏரிச் சேற்றில் வயிறுவரை புதைந்துபோனது. நான் கரையில் நின்று கத்தினேன், வேறென்ன செய்ய. கன்னியப்பன் குப்பத்து ஆட்களோடு வந்து, வலையை மடித்து அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, கயிறு கட்டி, பெரிய திருக்கை மீனை இழுப்பதுபோல இழுத்துக் கரையில் போட்டான். அந்த வலை கிழிந்தது. குதிரை பிழைத்தது, குட்டியும் பிழைத்தது.

அந்தக் குட்டி வளர்ந்ததும் ஒரு துணி வியாபாரிக்கு விற்றேன். மறுநாள் காலையில் கன்னியப்பன் வாசலில் நின்றான்.

"இன்னா அண்ணாத்தே, வித்துட்டியாமே. பங்கு பிரிக்கல?"

"என்ன பங்கு?"

"இன்னா பங்கா? வலைக்கு ஒண்ணு, கயித்துக்கு ஒண்ணு, இழுத்த ஆளுங்களுக்கு ஆளுக்கொண்ணு. அம்மனுக்கு எடுத்து வெச்சியா? புருசன் கடல்ல போனவங்க ரெண்டு பேர் கீறாங்க, அவங்களுக்கு?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நான் மறந்துவிட்டதாக நினைத்து ஞாபகப்படுத்தினான். இந்தக் கரையில் வலை கரையேறினால் மீனைக் கூறு வைத்துப் பிரித்த பிறகுதான் யாரும் வீட்டுக்குப் போவார்கள். படகுக்கும் ஒரு பங்கு, வலைக்கும் ஒரு பங்கு, கடலுக்கே வர முடியாத வீட்டுக்கும் ஒரு பங்கு. பங்கு பிரிக்காத வேலையை அவர்கள் தொழில் என்றே சொல்ல மாட்டார்கள், திருட்டு என்பார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பிரித்துக் கொடுத்தேன். அதிலிருந்து குதிரையால் எது கிடைத்தாலும் பிரிப்பது என்றாயிற்று. புல் அறுத்துத் தரும் கைம்பெண்ணுக்கு ஒரு பங்கு, அம்மனுக்கு ஒன்று, குதிரைக்கும் ஒன்று. "குதிரைதான் உனக்குப் படகு" என்றான் கன்னியப்பன்.

எங்கள் மூத்தவன் வேலனுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் பிடித்துவிட்டது. மீசை முளைத்ததிலிருந்து அவன் குதிரைப் பக்கம் நின்றதைவிடக் கன்னியப்பன் படகில் போனதுதான் அதிகம். லாடம் கட்டக் கூப்பிட்டால், "தோ வர்றேன்" என்று ஏரியிலிருந்து குரல் வரும். ஆள் வராது. "நெடுந்தீவுக் குதிரைக்காரன் பெத்த பிள்ளை மீன் நாத்தத்தோட வந்து நிக்கிறான்" என்று நான் திட்டாத நாள் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே சோற்றில் கை வைப்பான்.

4

புதுத் துரை வந்தார். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கச்சேரிக்கு அழைத்தார்கள். என் முறை வந்தபோது வாசலில் நின்ற சேவகனிடம், "துரையோட கதைக்க வந்தனான்" என்றேன். "கதை சொல்லவா கூப்டாங்க உன்னை?" என்று அவன் சிரித்தான். இத்தனை காலம் இருந்தும், பயந்தால் என் வாயில் நம் ஊர்ப் பேச்சுத்தான் வருகிறது.

துபாஷி, அதாவது துரை சொல்வதைத் தமிழில் சொல்கிறவன், கேட்டான். "குதிரை வெச்சிருக்கியே, தொழிலா? தொழில்னா வந்த நாள்லேர்ந்து தொழில் வரி கட்டணும். கட்டலேன்னா குதிரைங்கள ஓட்டிக்குனு பூடுவாங்க."

வந்த நாளிலிருந்து என்றால், மூன்று குதிரையையும் என்னையும் சேர்த்து விற்றாலும் தீராது. உடனே வாய் கொடுத்தேன். "இது தொழில் இல்லை துரை. உங்கட ஊரில நாய் வளக்கிறேல்லையோ, அது மாதிரி. வீட்டில நிக்குது, தின்னுது. நட்டம்தான். ஒரு வருஷமாவது மிச்சம் பிடிச்சதா ஆரையும் சொல்லச் சொல்லுங்கோ." நொண்டிய குதிரை, செத்த குட்டி, உப்புப் புல் எல்லாவற்றையும் அடுக்கினேன். என் நட்டத்தை இவ்வளவு பெருமையாக நான் பேசியதே இல்லை. துபாஷி ஒல்லாந்து பாஷையில் சொன்னான், துரை தலையசைத்தார், எழுதிக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று எழுந்தேன்.

"நில்லுபா" என்றான் துபாஷி. "தொழில் இல்லாத வெளியூர்க்காரன் ஊட்டுக்கு ஒரு ஆம்பளய குடுக்கணும். பத்தாவியா போற கப்பலுக்கு, கூலியா. காத்து மாறினதும் ஏறணும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கப்படாதோ?"

"நீ கேக்கலியே."

நான் போகிறேன் என்றேன். அவன் என் முழங்காலைப் பார்த்தான். குதிரை உதைத்து மடங்காமல் போன கால். "நொண்டிய ஏத்த மாட்டாங்க. ஊட்ல வேற ஆம்பள இருந்தா சொல்லு" என்றான். நான் வேலன் பெயரை எடுக்காமல் வாசலைப் பார்த்து நடந்தேன். நான் நடந்த அவசரத்திலேயே வீட்டில் ஒருவன் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கிழக்கே கடல் கடந்து ஒல்லாந்தர் பிடித்து வைத்திருக்கும் பத்தாவியாவுக்குப் போனவர்கள் யாரும் இந்த ஊருக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே காய்ச்சலில் சாகிறார்கள் என்று சிலரும், அதற்கு முன்பே கப்பலில் சாகிறார்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். செல்லாச்சி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வரி எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறதுதானே? குதிரை போனால் போகட்டும். நீங்கள் ஏன் வாயைக் குடுத்தனீங்கள்?"

தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? குதிரையைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

மறுபடி கச்சேரிக்கு ஓடினேன். இப்போது நேர் எதிராகச் சொல்ல வேண்டும். இது தொழில்தான், வரி கட்டுகிறேன், குதிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். துபாஷிக்கே பாவமாக இருந்திருக்கும், எப்படியோ துரை முன் நிறுத்த ஒப்புக்கொண்டான். "சாட்சி யாராச்சும் இருந்தா இட்டுக்கினு வா" என்றான். நான் கன்னியப்பனை அழைத்துப் போனேன். அவனைவிட எனக்கு வேண்டியவன் இந்த ஊரில் யார்?

துரை கேட்டார், துபாஷி சொன்னான். "நேத்து நட்டம்னே, இன்னிக்கு தொழில்ன்றே. எப்பவும் நட்டப்படறவன் எப்டி வியாபாரி ஆவான்?"

"அடுத்த வருஷம் குட்டி நிக்கும் துரை" என்றேன். எனக்கே அது பரிதாபமாகக் கேட்டது.

அப்போது கன்னியப்பன் முன்னால் வந்தான். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தான். கச்சேரி அதிரப் பேசினான்.

"தொழிலு இல்லேன்னு எவன் சொன்னான்? இவுரு மாதிரி சுத்தமா தொழில் பண்றவரு இந்தக் கரையிலேயே கெடையாது சாமி. ஒரு குட்டி வித்தாரு. வலைக்கு பங்கு வெச்சாரு, கயித்துக்கு வெச்சாரு, இழுத்த அத்தினி பேருக்கும் வெச்சாரு. கைம்பொண்ணுங்களுக்கு குடுத்தாரு. ஒரு பங்கு கொறைஞ்சதுனு யாராச்சும் சொல்லட்டும் பாக்கலாம்!"

துபாஷி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, துரையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பின்னாலிருந்து கன்னியப்பன் வேட்டியை இழுத்தேன். அவனுக்கு அது புரியவில்லை. துரை மெச்சுகிறார் என்று நினைத்து, அம்மன் பங்கையும் சொன்னான், குதிரைக்கு வைக்கும் பங்கையும் சொன்னான்.

"கடைசியில் இவனுக்கு என்ன மிஞ்சியது?" என்று கேட்டார் துரை.

"அவுருக்கா? அவுரு பங்கு. அது கொள்ளு வாங்கவே பூடும் சாமி" என்றான் கன்னியப்பன், அதைவிட உயர்ந்த நற்சாட்சி வேறில்லை என்பதுபோல.

வைத்துக்கொள்கிறவன்தான் வியாபாரி, இருப்பதையெல்லாம் ஊருக்குக் கொடுக்கிறவன் வியாபாரி அல்ல என்றார் துரை. குதிரைக்கே பங்கு வைப்பவன் அதைச் செல்லமாக வளர்க்கிறவன்தான் என்றார். ஆகவே தொழில் இல்லை. குதிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் காலில் விழுந்தேன். வரி இல்லாதபோது குதிரையை எப்படி எடுக்க முடியும், சட்டம் இருக்கிறதே என்றார். நியாயமான மனிதர்.

திரும்பி வரும் வழியில் கன்னியப்பனை ஏரியில் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். மறைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை, அவன் சாட்சியால்தான் காரியம் கெட்டது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு விளங்கவே வெகு நேரம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "பங்கு வெச்சா தொழில் இல்லியா? அப்ப நாங்க இத்தினி தலைமுறையா பண்றது இன்னாது அண்ணாத்தே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு என்ன தெரியும்?

6

வேலனை ஓடிப்போகச் சொன்னாள் செல்லாச்சி. அவன் ஓடினால் என்னைப் பிடித்து அடைப்பார்கள் என்று அவன் மறுத்தான். அடைத்தால் அடைக்கட்டும் என்றேன் நான். மூவரும் கத்தினோம், பெண்பிள்ளைகள் இருவரும் மூலையில் அழுதார்கள். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. குதிரைகள் மட்டும் வழக்கம்போலத் தின்றன, அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

கன்னியப்பன் குப்பத்துத் தலைவரோடு வந்தான். உள்ளூர் மீனவர்களைக் கப்பலுக்கு எடுப்பதில்லை. குப்பத்தில் யார் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்குத் தலைவர் வாக்குத்தான் கணக்கு.

"என் ஊட்டுப் புள்ளனு சொல்லிக்கிறேன்" என்றான் கன்னியப்பன். "குதிரைய பாத்துக்க இங்க வந்து போனான், அவ்ளோதான். தலைவரு ஒத்துக்கினாரு. என்னாலதானே வந்துச்சு இது. நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும் அண்ணாத்தே. இல்லேனு."

அந்த வார்த்தை என்ன என்று செல்லாச்சிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் எழுந்து போய்க் குதிரைக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு வந்து, "சொல்லுங்கோ" என்றாள். "உயிரோட இருந்தால் போதும். ஆரின்ர பிள்ளையா இருந்தால் என்ன."

என் மகன் என்ற சந்தேகத்தில் சேவகர்கள் வேலனைக் கோட்டைக்குப்பத்தில் படகிலிருந்தே பிடித்துக் கச்சேரிக்குக் கொண்டு வந்தார்கள். துரை அவனைப் பேசச் சொன்னார். கடலில் எந்த இடத்தில் வலை போடுவீர்கள் என்று துபாஷி கேட்டான். வேலன் காற்றையும் நீரோட்டத்தையும் மீன் கூடும் மடையையும் சொல்லிக்கொண்டே போனான். நான் காது கொடுத்துக் கேட்டேன். அவன் நாக்கில் நம் தீவு ஒரு சொட்டுக்கூட இல்லை. எதற்காக அவனை அத்தனை வருஷம் திட்டினேனோ, அதுதான் அங்கே நின்று அவனைக் காப்பாற்றியது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, நெஞ்சு எரிந்தது.

துரை என் பக்கம் திரும்பினார்.

"இவன் உன் மகனா?" என்றான் துபாஷி.

"இல்லை."

"உனக்கு மகன் உண்டா?"

"இல்லை துரை."

துபாஷி என்னையும் வேலனையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் நான் சொன்னதை அப்படியே துரைக்குச் சொன்னான். அந்தத் துபாஷியை இத்தனை நாள் மனசுக்குள் திட்டிய பாவம் எனக்கு.

வெளியே வந்ததும் வேலன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். சேவகர்கள் காதுபட, "போலாமா நைனா?" என்று கன்னியப்பனிடம் கேட்டான். இந்தப் பக்கத்தில் அப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கன்னியப்பன் அவன் தோளில் கை போட்டான். பிறகு ஏதோ திருடியவன்போல எடுத்துக்கொண்டான்.

7

இப்போது அவன் கோட்டைக்குப்பத்தில் இருக்கிறான், நாங்கள் இங்கே. செல்லாச்சி தினமும் மீன் வாங்கும் சாக்கில் கரைக்குப் போகிறாள். அவன் கூறு வைக்கும்போது எதிரில் நிற்கிறாள். "இன்னா மீன் வோணும்?" என்று ஊராரைக் கேட்பதுபோலக் கேட்கிறான். அவள் ஏதோ ஒன்றைக் காட்டுகிறாள். வாங்கி வந்த மீனைச் சில நாள் சமைக்காமலே வைத்திருக்கிறாள். கப்பல் போய்விட்டது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாலும், அடுத்த கப்பல் வராமலா இருக்கும்?

குதிரைகள் தொழில் இல்லை என்று ஆகிவிட்டதால் வரி இல்லை. மூன்றும் கொழுகொழு என்று நிற்கின்றன. விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். மகன் இல்லை என்று சொல்லிவிட்டு எந்த மகனை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறுவது? அவனை இங்கே விட்டுவிட்டு வரச் செல்லாச்சி சம்மதிப்பாளா?

இவ்வளவும் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. புதுத் துரை எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. நெடுந்தீவுக்கும் கேட்டு அனுப்பியிருக்கிறார் என்று துபாஷி காதோடு சொன்னான். யாராவது வந்து விசாரித்தால், குதிரைக்காரனாகப் பழவேற்காடு போனவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் என்று சொல்லுங்கள். வேலன் பிறந்தபோது முதலில் கையில் வாங்கிய சின்னம்மாவும் அப்படியே சொல்ல வேண்டும், அவர் அழுவார், அவரை வெளியே விடாதீர்கள். படித்ததும் இதை அடுப்பில் வையுங்கள். செல்லாச்சிக்கு ஆண்பிள்ளை பிறக்கவில்லை.